குளியல் நேரத்தை யார் முடிவு செய்வது?

முதியோர் இல்லம் என்று பேச்செடுத்தாலே நம்மிடையே ஒரே ஒரு வழக்குத்தான் நடக்கிறது: சேர்க்கலாமா, கூடாதா. பட்டிமன்றங்களில் கைத்தட்டல் வாங்குவது அதுதான். சினிமாவின் கடைசிக் காட்சியில் மகன் வந்து காலில் விழுந்து அழுவதும் அதற்காகத்தான். பெற்றவர்களைக் கைவிடுவது கொடுமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த வழக்கு எழுப்பும் இரைச்சலில் இன்னொரு கேள்வி யார் காதிலும் விழுவதில்லை. சேர்ந்தாயிற்று, இனி அங்கே விடிகாலை ஐந்தரை மணிக்கு என்ன நடக்கிறது? விளக்கைப் போட்டு எழுப்பிவிடுகிறார்களா, விழித்த பிறகும் கொஞ்சநேரம் படுத்துக்கிடக்க விடுகிறார்களா? காப்பி கேட்டபோது வருமா, வந்தபோதுதான் குடிக்க வேண்டுமா? வெந்நீரை விளாவுவது யார்? தெய்வமே என்று உருகுகிறோம், பாவிகள் என்று சபிக்கிறோம். இந்தச் சில்லறைக் கேள்விகளை மட்டும் கேட்பதில்லை. வயதானவர்களின் நாளோ முழுக்க முழுக்க இந்தச் சில்லறைகளால் ஆனது.

என் பெரியம்மா உடுமலைப்பேட்டைப் பக்கம் அரசுப் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா போன பிறகு, பெங்களூரில் இருக்கும் மகள் எவ்வளவோ கூப்பிட்டும் போகவில்லை. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு முதியோர் குடியிருப்பைத் தாமே போய்ப் பார்த்து, தாமே பணம் கட்டிக் குடியேறினார். வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர், கோவைப்புதூர் என்று கோவையைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் கடந்த இருபது ஆண்டுகளில் நிறைய எழும்பியிருக்கின்றன. மலைக்காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திறங்க ஒரு விமான நிலையம் என்று எல்லாம் பக்கத்திலேயே அமைந்த ஊர். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும்கூட வந்து சேர்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே மூப்பேறிய மாநிலம் நம்முடையது.

இத்தகைய குடியிருப்புகளில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது தனி வீடுகள். வாசலில் செம்பருத்தி, உள்ளே சின்னச் சமையலறை, இடுப்பில் சொந்தச் சாவி. சமைக்க முடியாத நாளில் பொதுச் சாப்பாட்டுக் கூடம். இரண்டாவது பகுதி, கிளினிக்கை ஒட்டிய ஒரு கட்டடம். குளிக்க, உடுத்த, நடக்க ஆள்துணை தேவைப்படுகிறவர்கள் அங்கே இருப்பார்கள். பெரியம்மாவின் குடியிருப்பில் அதற்கு வெறும் ‘பிளாக்’ என்று பெயர். "அவங்களை பிளாக்குக்கு மாத்திட்டாங்களாம்" என்று நடைப்பயிற்சியில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கொஞ்ச தூரம் பேசாமல் நடப்பார்கள். வீட்டை விட்டு இங்கே வந்தபோது இல்லாத பயம், இந்த நூறடித் தூரத்துக்கு இருக்கிறது. பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, செயற்கை மூட்டு வைத்த பிறகு அந்த நூறடியைக் கடந்தார். அப்போது சில நாள் நான் அவரோடு அந்த அறையில் தங்கியிருந்தேன். இந்தக் கட்டுரை பிளாக்கைப் பற்றியது.

அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 1963-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். ஒருவர் எவ்வளவு தூரம் தம்மைத் தாமே கவனித்துக்கொள்கிறார் என்பதை அறிய ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்கிக்கொள்வது, தானே சாப்பிடுவது. இன்றும் உலகம் முழுக்க முதியோர் மருத்துவத்தில் புழங்குவது இந்தப் பட்டியல்தான். இதன் வரிசைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. திறன்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் கைநழுவுகின்றன. முதலில் போவது குளியல், கடைசி வரை நிற்பது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும் கை. இந்தியாவில் 2017-18-இல் நடந்த பெரிய முதுமை ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படிப்பட்ட அன்றாடக் காரியம் ஒன்றிலாவது சிரமம் இருப்பது தெரியவந்தது.

ஆகவே பிளாக்கின் தரத்தை அளக்கக் குளியலறையைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். யோகா கூடத்தையும் தியான மண்டபத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் எட்டு மணிக்குள் எட்டுப் பேரைக் குளிப்பாட்டியாக வேண்டும். கையில் இருப்பவர்கள் இரண்டு பெண்கள். அதற்காகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். சுவரில் எஃகுக் கைப்பிடி, தரையில் வழுக்காத ஓடு, நடுவில் ரப்பர் கால் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, கையில் பிடித்துப் பாய்ச்சும் ஷவர். உட்காரவைத்து, நனைத்து, சோப்புப் போட்டு, அலசி, துடைத்து, நைட்டி மாட்டி வெளியே கொண்டுவரப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். அதில் முரட்டுத்தனம் ஒன்றும் கிடையாது. அந்த இருவரில் ஒருத்தி, ஒடியப் பெண், தண்ணீரின் சூட்டைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பெரியம்மாவின் காலில் விடுவாள். மடியின் மேல் துண்டைப் போட்டு மறைத்த பிறகே நைட்டியைக் கழற்றுவாள். அப்படியிருந்தும் முதல் வாரம் முழுக்க பெரியம்மா குளியலறையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே வெளியே வந்தார். என்னவென்று கேட்டேன்.

"மழையில கட்டிப்போட்ட மாடாட்ட உட்கார்ந்திருக்கறேன் கண்ணு. எங்கிருந்து தண்ணி வருது, எப்ப நிக்கும்னு ஒண்ணும் தெரியறதில்ல."

எழுபது வருடமாக வாளியிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றிக் குளித்த உடம்பு அது. முதல் சொம்பு காலுக்கு, பிறகு தோளுக்கு, தலைக்குக் கடைசியில் என்று அதற்கொரு வழக்கம் இருந்தது. அடுத்த சொம்பு எப்போது என்பது அதுவரை அவர் கையில் இருந்தது. இதைத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் யோசித்துவிட்டு ஒரு முக்காலியைத் தூக்கி வந்தாள். அதன் மேல் வாளியை வைத்தாள். உட்கார்ந்தபடியே குனியாமல் மொள்ளும் உயரம். பெரியம்மா தாமே விளாவி, தாமே ஊற்றி, கைக்கும் மார்புக்கும் தாமே சோப்புப் போட்டார். முதுகும் பாதமும் மட்டும் அந்தப் பெண். வெள்ளிக்கிழமை உச்சியில் இரண்டு விரல் எண்ணெய். நேரம் இரட்டிப்பானது, இருபத்தைந்து நிமிடம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்காகப் பிறகு வாதாட வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். அவருடைய கணக்கும் பொய்யில்லை: எட்டுப் பேருக்கும் இப்படியென்றால் கடைசி ஆள் குளிக்கும்போது மணி பத்தாகிவிடும். அன்று எனக்கு உறைத்தது, அங்கே ஒருவரின் விருப்பம் பணியாளரின் நிமிடங்களாகத்தான் செலவாகிறது என்பது. விளம்பரத் தாளில் சுதந்திரம், கண்ணியம் என்று அச்சடிப்பதற்குக் காசு அதிகம் ஆகாது. காலை ஆறு மணிக்கு இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேரை நிறுத்துவதற்குத்தான் ஆகும். பெரியம்மாவின் குளியலைக் கடைசியில், ஒன்பது மணிக்கு, எல்லோரும் முடிந்த பிறகு வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். குளிக்காமல் சிற்றுண்டி சாப்பிடுவதில்லை என்ற தம்முடைய பழைய விதியைப் பெரியம்மாவும் தளர்த்திக்கொண்டார்.

ஆங்கிலத்தில் ‘அசிஸ்டட் லிவிங்’ எனப்படும் இவ்வகை வாழிடத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டு நகரில் 1983-இல் திறந்த பார்க் பிளேஸ். கேரன் பிரவுன் வில்சன் தன் கணவரோடு சேர்ந்து கட்டியது. அவருடைய தாய் 55 வயதில் பக்கவாதம் கண்டு பராமரிப்பு இல்லங்களிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். தனக்கென்று ஒரு சின்ன இடம், பூட்டிக்கொள்ள ஒரு கதவு, சொந்தச் சாமான்கள், காலையில் தன் இஷ்டத்துக்கு எழுந்திருப்பது, இவைதான் அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது. மகள் கட்டிய 112 குடியிருப்புகளிலும் கதவுக்கு உள்பூட்டு இருந்தது. சின்னச் சமையலறை இருந்தது. வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி உண்டு. அவசரத்துக்குக் கூப்பிடப் பொத்தானும், இருபத்துநான்கு மணிநேர உதவியும் கூடவே. கத்தியும் அடுப்பும் உள்ள அறையில் தள்ளாதவர்களைத் தனியே விடுவது ஆபத்து என்று பலர் எதிர்த்தார்கள். மாநில அரசு குடியிருந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்தது. 1988-இல் முடிவுகள் வெளிவந்தன: உடல்நலம் கெடவில்லை, நடமாட்டமும் நினைவும் மேம்பட்டிருந்தன, மனச்சோர்வு குறைந்திருந்தது. அரசு உதவியில் இருந்தவர்களுக்கான செலவும் பராமரிப்பு இல்லங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. சரக்கை விட்டுவிட்டன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவில் 1,500 இடங்களைப் பார்த்தது. தனிமையும் போதிய உதவியும் சேர்ந்து கிடைத்தவை நூற்றுக்குப் பதினொன்றுதான். நம் ஊருக்கு இந்த ஏற்பாடு வந்து சேர்ந்தபோது பெயரும் கட்டட வரைபடமும் முதலில் வந்தன. உள்பூட்டு இன்னும் முழுதாக வரவில்லை.

பிளாக்கில் குளியலறைக் கதவுக்கு உள்தாழ் இல்லை. விழுந்துவிட்டால் உடைக்க வேண்டியிருக்கும் என்பதால். அதில் நியாயம் இருக்கிறது; பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார். அறைக் கதவில்தான் அவர் இடம் கொடுக்கவில்லை. யாரும் எந்நேரமும் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். துடைப்பத்தோடு ஒருவர், பிரஷர் பார்க்க ஒருவர், வெறுமனே எட்டிப் பார்த்து "பாட்டி, நல்லாருக்கீங்களா?" என்று கேட்க ஒருவர். தலைமையாசிரியை அறைக்குள் அப்படி யாரும் நுழைந்ததில்லை. "தட்டோணும். நான் வான்னு சொல்லோணும். அப்பறந்தான் உள்ள வரோணும்" என்று வரிசையாக எல்லோரிடமும் சொன்னார். ‘பாட்டி’யையும் மாற்றச் சொன்னார். இப்போது எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா.

மாத்திரை விஷயம் இன்னும் கடினமாக இருந்தது. பிளாக்கில் யாரும் மாத்திரையைக் கையில் வைத்திருக்கக் கூடாது. நர்ஸ் சின்னக் காகிதக் கிண்ணத்தில் உரித்துப் போட்டுக் கொண்டுவருவார், முன்னால் நின்று விழுங்கவைப்பார். மறதியில் இருமுறை போட்டுக்கொள்வதும், போடாமல் விடுவதும் வயதானவர்களுக்கு உண்மையான ஆபத்து. அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இருபது வருடமாகத் தன் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரும் அளவும் தெரிந்த பெண்ணுக்கு, பெயரில்லாத நான்கு வில்லைகள் கிண்ணத்தில் வந்தால் எப்படியிருக்கும்? கடைசியில் ஒரு வழி கண்டார்கள். நர்ஸ் அட்டையோடு கொண்டுவருவார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிப் பெயரைப் படித்து, தாமே கட்டைவிரலால் அழுத்தி மாத்திரையை எடுப்பார். நர்ஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ஒருமுறை மருந்துக்கடையிலிருந்து வேறு அளவு வந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் பெரியம்மாதான்.

இப்படியொன்றைச் சொன்னால், இதெல்லாம் படித்த பிடிவாதக்காரிகளுக்கு, எல்லோருக்கும் சரிப்படாது என்பார்கள். 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் செய்த சோதனை இதற்கு ஓரளவு பதில் தருகிறது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியில், உங்களைக் கவனித்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். செடியும் கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றியது நர்ஸ்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மாடியில் இறந்தவர்கள் குறைவு என்றும் எழுதினார்கள். அந்த இறப்புக் கணக்கைப் பின்னால் அவர்களே திருத்தி, வேறுபாடு முதலில் சொன்ன அளவு உறுதியானதல்ல என்றார்கள்; ஆய்வில் இருந்தவர்களும் நூற்றுக்கும் குறைவு. ஆயுள் கூடுகிறதோ இல்லையோ, இருக்கிற நாட்கள் யாருடையவையாக இருக்கின்றன என்பதே எனக்குப் போதுமான காரணம்.

மறதி நோய் முற்றியவர்கள் விஷயத்தில் இந்த வாதம் தடுமாறும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரியம்மாவின் தளத்துக்கு மேல்தளத்தில் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். படிக்கட்டுக் கதவுக்கு எண் அழுத்தும் பூட்டு. சாயங்காலம் ஆனால் அங்கே ஒருவர், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவார். அவரைப் பூட்டாமல் விட முடியாது. ஆனால் அங்கேயும் காலையில் ஒரு பெண் இரண்டு புடவைகளை இரண்டு கைகளில் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. முதியவரின் கை நீல நிறத்தின் பக்கம் போகும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

விளம்பரத் தாள்களுக்கு வருகிறேன். அவற்றைப் பழிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பது தெளிவு. பணம் கட்டுவது பெரும்பாலும் பிள்ளைகள், வாழ்வது பெற்றோர். பிள்ளைக்கு இரவில் தூக்கம் வர வேண்டும். அதற்கு சிசிடிவி, ஆம்புலன்ஸ், இருபத்துநான்கு மணிநேர நர்ஸ், பொங்கலன்று எல்லோருக்கும் ஒரே நிறப் புடவை கட்டி எடுத்த வாட்ஸப் படம். இவற்றில் பாதி உண்மையிலேயே உயிர் காப்பவை. இருந்தாலும் அம்மாவுக்கு எது நடந்தாலும் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும் அதே மகன், தனக்கு எண்பது வயதாகும்போது கோயில் வரைக்கும் தனியே நடந்துபோக விரும்புவான். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பிளாக்கின் மேற்பார்வையாளர்.

நூலகத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றுகூட இல்லாத நூலகத்தில் எப்படி உட்காருவார்கள்? எந்நேரமும் நிறைந்திருப்பது வாசற்கேட்டுக்கு அருகிலுள்ள சிமெண்டுத் திண்ணை. எந்த விளம்பரத்திலும் இல்லாத வசதி அது. அங்கிருந்து சாலை தெரியும். தொண்டாமுத்தூர்ப் பேருந்து தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், கீரைக்காரம்மா, யாருடைய வீட்டுக்கோ போகும் பந்தல் சாமான் வண்டி எல்லாம் தெரியும். குடியிருப்புகளைக் கட்டுகிறவர்கள் அமைதி அமைதி என்று சாலையை விட்டு உள்ளே தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள். வயதானவர்கள் கேட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பல குடியிருப்புகளில் சைவம் மட்டும்தான். சிலவற்றில் வெங்காயம், பூண்டுகூட இல்லாத சமையல். சாம்பார், ரசம், கூட்டு என்ற பட்டியல் யாருடைய வீட்டுச் சமையல் என்பது சொல்லாமலே தெரியும். அது நல்ல சமையல்தான். அது மட்டுமே என்றாகும்போது, மற்றவர்கள் அங்கே விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். தாராபுரத்துப் பக்கம் ஞாயிறுதோறும் நாட்டுக்கோழி சாப்பிட்டு வளர்ந்த ஒரு பெரியவர், மகன் வந்து வெளியே கூட்டிப்போகும் நாளுக்காகக் காத்திருந்தார். யார் எந்தக் குடியிருப்பில் சேருகிறார்கள், யார் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பதில் சாதிக்குப் பங்குண்டு. அதைச் சமையலறையே வாசலில் நின்று கேட்டுவிடுகிறது. பெரியம்மா கேட்டது அவ்வளவு பெரிதில்லை: வாரத்துக்கு ஒருநாள் அரிசிம்பருப்புச் சோறு. சமையல்காரர் கும்பகோணத்துக்காரர் என்பதால், சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு எப்படிச் செய்வது என்று பெரியம்மாவே சக்கர நாற்காலியில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். இப்போது வியாழக்கிழமைகளில் அதற்குத் தனி வரிசை.

பராமரிக்கும் பெண்களில் பலர் ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். தங்குவது வளாகத்தின் பின்புறம், ஓர் அறைக்கு நால்வர் ஐவராக. ஒருவரின் மலத்தைத் துடைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு அடுத்தவருக்கு ஊட்டப் போகும் வேலைக்கு நாம் கொடுக்கும் சம்பளம் நம் மதிப்பு என்னவென்று காட்டிவிடுகிறது. பெரும்பாலோர் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. முக்காலி கொண்டுவந்த பெண் ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. புதிதாக வருகிறவளிடம் பெரியம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்: எந்த இடுப்பு, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு சூடு, எங்கே தொட்டால் வலிக்கும். தன் உடம்பைப் புதுப்புது அந்நியர்களுக்கு அறிமுகம் செய்துகொண்டே இருப்பதுதான் பிளாக்கில் மிகவும் சலிப்பூட்டும் வேலை என்று அவர் சொன்னார். அந்தப் பெண்களுக்கு நல்ல சம்பளமும் எட்டுமணிநேர வேலையும் கேட்பது முதியவர்களுக்காகக் கேட்பதேதான்.

இவ்வளவும் பணம் உள்ளவர்களின் கதை. பெரியம்மாவின் ஓய்வூதியம் முழுவதும் மாதக் கட்டணத்துக்கே போகிறது. மேற்கொண்டு மகள் கொஞ்சம் போடுகிறாள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும் அளவில் மாநில அரசுகள் இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. ‘அமைக்கலாம்’ என்பதோடு நிற்கிறது. இந்த மண்ணில் முன்னோடிகள் இல்லாமலில்லை. ஆதரவற்ற மூதாட்டிகளுக்காகச் சாவித்திரி வைத்தி சென்னையில் விஷ்ராந்தியைத் தொடங்கியது 1978-இல். அதே ஆண்டுதான் மருத்துவர் வ.செ. நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையமே திறந்தாகிவிட்டது. நோய்க்குப் போக இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்ட பிறகு, அடுத்த நாள் காலை வாளியைத் தூக்கிவைக்க யாருமில்லாத ஏழை முதியவருக்கு என்ன ஏற்பாடு? அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அங்கன்வாடியை ஊர்தோறும் கட்டிக்காட்டிய மாநிலம் இது. முடியாது என்று நான் நம்பவில்லை.

பிளாக்கில் இறப்பை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் அன்றாடத்தில் சேர்ந்ததுதான். சில மாதம் முன்புவரை, இரவில் ஒருவர் போனால் பின்வாசல் வழியாக வண்டி வந்து எடுத்துப்போய்விடும். மற்றவர்கள் மனம் கலங்கக் கூடாதென்ற நல்லெண்ணம். காலைச் சிற்றுண்டியில் நாற்காலி காலியாக இருக்கும், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெரியம்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதிக்கொடுத்தார்கள்: எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவரை நாங்கள் வழியனுப்ப வேண்டும், முன்வாசல் வழியாகவே போக வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் சாவைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று நினைப்பது அவர்களைச் சிறுபிள்ளைகளாக்குவது. அதன் பிறகு, அமெரிக்காவிலிருந்து மகன் வரும்வரை குளிர்பெட்டியில் காத்திருந்த ஒருவரின் பக்கத்தில் அறைவாசிகள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். வந்திறங்கிய மகனிடம் அவனுடைய அப்பா கடைசி வாரம் என்ன பேசினார் என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது.

உறவுகளில் யாராவது இடம் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போகாதீர்கள் என்கிறேன். அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கோ இரவு எட்டுக்கோ போங்கள். அந்நேரம் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய ஆட்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கதவைத் தட்டுகிறார்களா என்று பாருங்கள். அழைப்புப் பொத்தானை அழுத்தினால் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள். முக்கியமாக, குடிபோகப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரியம்மா இப்போது இராச்சாப்பாட்டு நேரத்துக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆறரைக்கே பரிமாறி ஏழரைக்குச் சமையலறையைப் பூட்டிவிடுகிறார்கள். சமையலாட்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆறரைக்குச் சாப்பிட்டால் நடுராத்திரி பசிக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு மயக்கம் வருகிறது என்று அவர் ஒரு மாதம் குறிப்பெடுத்து, அறைவாரியாகப் பெயரெழுதி, குடியிருப்போர் குழுவில் வைத்தார். எட்டரை வரைக்கும் ஒரு ஆளை நிறுத்தினால் மாதத்துக்கு எவ்வளவு கூடும், ஆளுக்கு எவ்வளவு விழும் என்று நிர்வாகம் கணக்குக் கேட்டிருக்கிறது. அந்தத் தொகையைத் தர இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதியுள்ளவர்களைப் பார்க்க, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, தளம் தளமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு கதவையும் தட்டி, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகே நுழைகிறார்.